பரணில் கிடந்த பன்னிரண்டு கிலோமீட்டர்

திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்களுக்கு அடி அண்ணாமலை நினைவிருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில் ஏறக்குறைய பாதி முடிந்து, மலைக்கு மேற்குப் பக்கம் வந்து, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பக்கத்தில் வருபவரைக் கேட்கத் தோன்றும் இடம். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. பவுர்ணமி இரவுகளில் அந்தப் பக்கம் சுக்கு காபி, வேர்க்கடலை, விபூதிப் பொட்டலம் எல்லாம் கிடைக்கும். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் இன்னொன்றும் கிடைத்தது. பக்திப் பாடல் சிடி.

மடக்கு மேஜை ஒன்று, அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு, ஒரு ஸ்பீக்கர், ஒரு பல்பு. அவ்வளவுதான் கடை. நடந்து களைத்தவர்கள் பாட்டைக் கேட்டு நின்று, அட்டைப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பேரம் பேசி வாங்கிப் போவார்கள். அப்படி ஒரு கடை வைத்திருந்தவரின் மகளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. நானோ அளவில் பொருள்களின் மேல் கோலம் போடுவது பற்றியும்தான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வருகிறது.

செல்போனில் பாட்டு வந்த பிறகு அந்தக் கடை படுத்துவிட்டது. அப்பா மேஜையை விற்றுவிட்டு ஆட்டோ ஓட்டப் போனார். விற்காத சிடி, டிவிடி எல்லாம் மூன்று அட்டைப் பெட்டிகளில் பரணுக்குப் போயின. மகள் வளர்ந்து பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சேர்ந்து மூன்றாம் ஆண்டுக்கு வந்தாள். ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். நானோ தொழில்நுட்பத்தில் ஏதாவது செய்யலாமா என்று வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டாள்.

"நானோவா? அதெல்லாம் ஐஐடி சமாச்சாரம்மா. கோடிக்கணக்குல மெஷின் வேணும். பேசாம ஒரு எல்டிஆர் வெச்சு தெருவிளக்கு ப்ராஜெக்ட் பண்ணிடு" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. முதலில் அந்தப் பாதியைப் பார்த்துவிடலாம்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். தலைமுடியின் தடிமன் 50 ஆயிரம் முதல் 1 லட்சம் நானோமீட்டர் வரை வரும். சில நூறு நானோமீட்டர் அல்லது அதற்கும் கீழே, ஒரு பரப்பின் மேல் கோடோ பள்ளமோ புள்ளியோ வேண்டிய இடத்தில் வேண்டிய உருவத்தில் வைப்பதைத்தான் நானோ வடிவமைப்பு என்கிறார்கள். ஆங்கிலத்தில் நானோபேட்டர்னிங். செல்போனுக்குள் இருக்கும் சிப் முதல் கண்ணாடி மேல் பூசும் ஒளி எதிரொலிக்காத பூச்சு வரை எல்லாம் இதில் அடக்கம்.

இதைச் செய்ய வழிகள் ஏராளம். ஆனால் மார்கழி மாதம் அடி அண்ணாமலைத் தெருவில் விடியற்காலையில் ஒரு நடை போய்வந்தால் முக்கியமானவை எல்லாம் கண்ணில் பட்டுவிடும். ஒரு வீட்டு வாசலில் பாட்டி புள்ளி வைத்து, விரலிடுக்கில் மாவை விட்டு இழை இழையாகக் கோலம் போடுகிறார். அழகு, ஆனால் ஒரு மணி நேரம் ஆகிறது. அடுத்த வீட்டில் அவசரம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டைத் தரையில் வைத்து மாவைத் தேய்க்கிறார்கள். தட்டை எடுத்தால் கோலம். மூன்றாவது வீட்டில் கோலக் குழாய், உருட்டிக்கொண்டே போனால் கரை முழுக்க ஒரே வடிவம் விழுந்துகொண்டே இருக்கும். கையால் எழுதுவது, ஓட்டை வழியே விடுவது, அச்சு வைப்பது. விஞ்ஞானிகள் செய்வதும் இவைதான். மாவுதான் கொஞ்சம் சின்னது :-)

கையால் எழுதுவதில் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. 1959 டிசம்பரில் ரிச்சர்ட் ஃபைன்மன் ஓர் உரையில் ஒரு பந்தயம் வைத்தார். ஒரு புத்தகப் பக்கத்தை 25,000 மடங்கு சுருக்கி எழுதிக் காட்டுபவருக்கு 1,000 டாலர் பரிசு. இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் யாரும் வாங்கவில்லை. 1985-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் டாம் நியூமன், எலக்ட்ரான் கற்றையைப் பேனாவாக வைத்து, சார்லஸ் டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை' நாவலின் முதல் பக்கத்தை எழுதிப் பரிசை வாங்கினார். இதில் சுவாரசியம் என்னவென்றால், எழுதுவதைவிட எழுதிய பக்கத்தை நுண்ணோக்கியில் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அவருக்குப் பெரிய பாடாக இருந்ததாம். குண்டூசித் தலையோடு ஒப்பிட்டாலே அந்தப் பக்கம் அவ்வளவு சின்னது.

1989-ல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் டான் ஐக்லரும் எர்ஹார்ட் ஷ்வைசரும் இன்னும் கீழே போனார்கள். நிக்கல் பரப்பின் மேல் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக ஊசிமுனையால் நகர்த்தித் தங்கள் கம்பெனியின் பெயரை எழுதினார்கள். அதற்குக் கீழே போக இடமே இல்லை, அணுதான் கடைசி. ஆனால் மூன்று எழுத்துக்கு 22 மணி நேரம் ஆனது. அதுவும் பூஜ்யத்துக்குக் கீழ் 269 டிகிரி குளிரில். இந்த வேகத்தில் ஒரு சிப் எழுத ஆரம்பித்தால் ஆரம்பித்தவரின் கொள்ளுப்பேரன் காலத்திலும் முடியாது. சின்னதாக எழுதுவது அப்போதே முடிந்துபோன விஷயம். சின்னதாக, நிறைய, மலிவாக, சரியான இடத்தில் எழுதுவதுதான் இன்றுவரை தகராறு.

அதனால்தான் தொழிற்சாலைகள் ஓட்டைத் தட்டு வழிக்குப் போயின. அதற்குப் பெயர் ஃபோட்டோலித்தோகிராஃபி. லித்தோகிராஃபி என்றால் கல்லில் எழுதுதல். (கல்வெட்டுக்குப் பஞ்சமில்லாத திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை!) அலாய்ஸ் ஸெனஃபெல்டர் என்ற ஜெர்மன் நாடக ஆசிரியர் 1796-ல் கண்டுபிடித்த அச்சுமுறை அது. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்ற ஒரே விஷயத்தை வைத்து, சுண்ணாம்புக் கல்லில் எழுதி அச்சடித்தார். அதன் வாரிசுதான் இன்றைய ஆஃப்செட் முறை. சிவகாசியில் அடிக்கும் காலண்டர் எல்லாம் அதில்தான்.

சிவகாசியில் பிளேட் போடுவதைப் பார்த்தவருக்குச் சிப் செய்வது பாதி புரிந்த மாதிரி. ஒளி பட்டால் குணம் மாறும் பூச்சைத் தடவிய அலுமினியத் தகடு, அதன் மேல் ஃபிலிம், மேலே விளக்கு. வெளிச்சம் பட்ட இடத்துப் பூச்சு கரைசலில் கழுவினால் போய்விடும், படாத இடம் நிற்கும். சிப்பில் அலுமினியத்துக்குப் பதில் சிலிக்கான் தட்டு. பூச்சின் பெயர் ஃபோட்டோரெசிஸ்ட். தட்டை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலவிட்டு நடுவில் ஒரு சொட்டு விட்டால், தோசைக்கல்லில் மாவு பரவுகிற மாதிரி அதுவே சீராகப் பரவிவிடும். பிறகு மாஸ்க் வழியே வெளிச்சம், பிறகு கழுவல், பிறகு மூடாத இடத்தை அமிலமோ அயனி வாயுவோ அரித்து எடுக்கும். பூச்சை நீக்கினால் சிலிக்கானில் கோலம்.

சிவகாசியில் இன்னொன்றும் கற்றுக்கொள்ளலாம். மலிவுக் காலண்டரில் சில சமயம் முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்கார்ந்திருக்கும். பார்த்திருப்பீர்கள். நான்கு வண்ணத்துக்கு நான்கு பிளேட், நான்கும் ஒன்றின்மேல் ஒன்று இம்மி பிசகாமல் விழ வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் உதடு கன்னத்துக்குப் போய்விடும். சிப்பில் நான்கு இல்லை, இருபது முப்பது படலங்களுக்கு மேல், ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் சில நானோமீட்டர் துல்லியத்தில் உட்கார வேண்டும். உதடு நகர்ந்தால் காலண்டரை விற்றுவிடலாம், சிப்பைக் குப்பையில்தான் போட வேண்டும்.  நானோ என்றதும் எல்லோரும் சின்னதைப் பற்றியே பேசுகிறார்கள், இந்தப் பொருத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சரி, ஓட்டை வழிக்கும் ஓர் எல்லை உண்டு. கோலத் தட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பிடித்து மாவைக் கொட்டிப் பாருங்கள். மாவு பரவி, கோலம் கலங்கிவிடும். வெளிச்சம் இன்னும் மோசம். தட்டில் இருக்கும் ஓட்டை தன் அலைநீளத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அது நேராகவே போகாது, விரிந்து சிதறும். அதனால் அலைநீளத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 436 நானோமீட்டர், 365, 248, 193. அங்கே ரொம்ப நாள் சிக்கிக்கொண்டு, லென்ஸுக்கும் தட்டுக்கும் நடுவில் தண்ணீரை விட்டெல்லாம் பார்த்தார்கள், அதுவும் வேலை செய்தது! கடைசியில் 13.5 நானோமீட்டருக்குத் தாவினார்கள்.

அந்த வெளிச்சத்தை உண்டாக்கும் கதை தீபாவளி மத்தாப்பு மாதிரி. உருகிய வெள்ளீயத் துளிகள் நொடிக்கு 50,000 விழ விழ, ஒவ்வொன்றையும் லேசரால் அடித்துப் பிளாஸ்மா ஆக்குகிறார்கள். அதிலிருந்து வரும் ஒளியைக் காற்றே விழுங்கிவிடும் என்பதால் எல்லாம் வெற்றிடத்தில். கண்ணாடி லென்ஸும் விழுங்கிவிடும் என்பதால் எல்லாம் ஆடிகள். ஒவ்வோர் ஆடியும் 70 சதவீதம் மட்டுமே திருப்பும், பதினோரு ஆடி தாண்டினால் மிஞ்சுவது 2 சதவீதம். உலகத்தில் இந்த இயந்திரத்தைச் செய்து விற்பது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்தான். விலை 15 கோடி டாலருக்கு மேல். ஆசிரியர் சொன்ன கோடிக்கணக்கு இதுதான். அவர் குறைத்தே சொல்லியிருக்கிறார்.

இனி அவர் சொல்லாமல் விட்ட மீதிப் பாதி. அது பரணில் இருந்தது.

டிவிடியைத் திருப்பினால் வானவில் தெரிகிறதே, ஏன்? அது சாயம் இல்லை. மேலே மிக நெருக்கமான தடங்கள் இருக்கின்றன, அவற்றில் பட்ட வெளிச்சம் நிறம் நிறமாகப் பிரிகிறது. டிவிடியின் உள்ளே ஒரே ஒரு சுருள் தடம், நடுவில் ஆரம்பித்து வெளியே வரை சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 740 நானோமீட்டர். தடத்தில் இருக்கும் பள்ளங்களில் ஆகச் சின்னது 400 நானோமீட்டர் நீளம். சிடியில் இடைவெளி 1,600. புளூரேயில் 320, பள்ளம் 150.

இந்த எண்களைப் புத்தகத்தில் பார்த்த அன்று அவள் ஒரு கணக்குப் போட்டாள். தடம் ஆரம்பிக்கும் இடம் நடுவிலிருந்து 24 மில்லிமீட்டர், முடியும் இடம் 58. அந்த வளையத்தின் பரப்பை 740 நானோமீட்டரால் வகுத்தால் தடத்தின் நீளம். விடை 11.8 கிலோமீட்டர் வந்தது. தப்பு என்று மறுபடி போட்டாள். மறுபடியும் 11.8. அப்பா பவுர்ணமிக்குப் பவுர்ணமி சுற்றும் கிரிவலப் பாதையைவிடக் கொஞ்சம்தான் குறைச்சல். அவ்வளவும் உள்ளங்கையகலத் தட்டில், 400 நானோமீட்டர் பள்ளங்களாக. சிடி ஐந்தரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. புளூரே ஏறக்குறைய இரண்டு கிரிவலம்.

இதை அப்பா எத்தனை ரூபாய்க்கு விற்றார்? நொய்டாவைச் சேர்ந்த மோசர் பேயர் கம்பெனி 2007 வாக்கில் வீடியோ சந்தைக்கு வந்தபோது தமிழ்ப் பட டிவிடியை 34 ரூபாய்க்கு விற்றது. மற்ற கடைக்காரர்களும் விலையை அதற்குப் பக்கத்தில் இறக்க வேண்டியதாயிற்று. இரண்டு டீ, இரண்டு வடைக்கு ஆகும் காசில் பன்னிரண்டு கிலோமீட்டர் நானோ வடிவம்! 

எப்படிக் கட்டுப்படியானது? கோலக் குழாய் முறை. முதலில் ஒரு கண்ணாடித் தட்டில் ஃபோட்டோரெசிஸ்ட் தடவி, லேசரால் ஒரே ஒரு தடவை, பொறுமையாக எழுதுவார்கள். அதன்மேல் மின்முலாம் முறையில் நிக்கலை வளர்த்து உரித்தால் ஓர் உலோகத் தலைகீழ்ப் படிவம். அதற்கு 'தந்தை' என்று பெயர். தந்தையிலிருந்து 'தாய்', தாயிலிருந்து அச்சு. அந்த அச்சுகளை எந்திரத்தில் மாட்டி, உருகிய பாலிகார்பனேட்டை அழுத்தினால் சில நொடிக்கு ஒரு தட்டு விழும். மேலே அலுமினியம் படிய வைத்து, டிவிடியானால் இரண்டு அரைத் தட்டுகளை ஒட்டினால் முடிந்தது. கஷ்டப்பட்டு எழுதுவது ஒரு தடவை, அதன் பிறகு லட்சக்கணக்கில் நகல்.

1995-ல் மினசோட்டாவில் ஸ்டீபன் சௌ என்பவர் இதே அழுத்தும் யோசனையை 25 நானோமீட்டர் அளவுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். நானோஇம்ப்ரின்ட் லித்தோகிராஃபி என்று பெயர். 2023 அக்டோபரில் ஜப்பானின் கேனன் கம்பெனி இதைச் சிப் தொழிலுக்கான இயந்திரமாகவே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அச்சு நேரடியாகத் தொட வேண்டியிருப்பதால் ஒரு தூசி விழுந்தால் அச்சும் கெடும், தட்டும் கெடும் என்ற பழைய தொல்லை இதில் இருக்கத்தான் செய்கிறது. ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸும் அமித் குமாரும் 1993-ல் செய்தது இன்னும் எளிது. தாலுகா ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி சிலிக்கோன் ரப்பரில் ஓர் அச்சு, அதில் கந்தகம் சேர்ந்த ஒரு கரிமச் சேர்மத்தை மையாகத் தொட்டு, தங்கத்தின் மேல் ஒரு குத்து. அவ்வளவுதான் கருவி.

(எழுதவும் வேண்டாம் குத்தவும் வேண்டாம், பொருளே தானாக ஒழுங்காக நிற்கட்டும் என்று விடுவதும் உண்டு. ஒரே அளவு பிளாஸ்டிக் மணிகளைத் தண்ணீரில் விட்டுக் காய வைத்தால் பழக்கடை ஆரஞ்சு மாதிரி அடுக்கி நிற்கும், இடுக்குகள் வழியே உலோகத்தை ஆவியாக விட்டால் முக்கோணப் புள்ளிகள் கிடைக்கும். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பாலிமரை ஒரே சங்கிலியில் கட்டிவிட்டால், சண்டை போட்ட அண்ணன் தம்பி ஒரே வீட்டில் நடுவே சுவர் எழுப்புவது மாதிரி, சில பத்து நானோமீட்டர் கோடுகளாகப் பிரிந்து நிற்கும். இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

"அப்பா, பரண்ல இருக்கற சிடில கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ பாப்பா. அத இனிமே வாங்க யாரு இருக்கா? எதுக்கு?"

"ப்ராஜெக்ட்டுக்கு."

"தெருவிளக்குக்கா?"

"இல்லப்பா."

அவள் செய்தது யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியது. கடையில் கிடைக்கும் சிவப்பு லேசர் பேனா ஒன்று, அலைநீளம் 650 நானோமீட்டர் என்று அதன் மேலேயே போட்டிருந்தது. ஒரு சார்ட் அட்டையின் நடுவில் ஓட்டை போட்டு, அதன் வழியே லேசரை நேர்க்குத்தாகத் தட்டில் விட்டாள். தட்டுக்கும் அட்டைக்கும் 20 சென்டிமீட்டர். திரும்பி வரும் வெளிச்சம் அட்டையில் புள்ளிகளாக விழும். நடுவிலிருந்து புள்ளி எவ்வளவு தள்ளி விழுகிறது என்று அளந்தால் கோணம் தெரியும். அலைநீளத்தை அந்தக் கோணத்தின் சைனால் வகுத்தால் தடங்களின் இடைவெளி. பிளஸ் டூவில் படித்த கிரேட்டிங் சூத்திரம்தான். (செய்து பார்ப்பவர்கள் லேசரையோ திரும்பும் புள்ளியையோ கண்ணில் வாங்க வேண்டாம், விளையாட்டு இல்லை.)

சிடியில் முதல் புள்ளி 9 சென்டிமீட்டரில் விழுந்தது. கணக்குப் போட்டால் 1,584 நானோமீட்டர். உண்மை 1,600. டிவிடியில் புள்ளி ரொம்ப தூரம் தள்ளிப்போய் அட்டைக்கு வெளியே விழுந்தது, இன்னொரு அட்டையை ஒட்ட வேண்டியிருந்தது. 36 சென்டிமீட்டர். கணக்குப்படி 744 நானோமீட்டர். அடி அண்ணாமலையில் ஓர் ஓட்டு வீட்டில், பள்ளிக்கூட ஸ்கேலால், நூற்றுக்கு ஒரு பங்கு பிழைக்குள் ஒரு நானோ அளவை அளந்தாகிவிட்டது.

மூன்றாவதாகப் புளூரே. அப்பா அதை விற்றதே இல்லை. சென்னையில் வேலை பார்க்கும் சித்தப்பா பையனிடம் ஒன்று கேட்டு வாங்கி வைத்திருந்தாள். லேசரை விட்டாள். நடுப்புள்ளி மட்டும் இருந்தது. பக்கத்தில் ஒன்றும் இல்லை. லேசர் பேட்டரியை மாற்றினாள், தட்டைத் துடைத்தாள், சுவர் முழுக்கத் தேடினாள். இல்லவே இல்லை.

ராத்திரி கணக்கைப் போட்டபோதுதான் விளங்கியது. 650-ஐ 320-ஆல் வகுத்தால் 2.03. சைன் ஒன்றுக்கு மேல் போகாது. அப்படி ஒரு கோணமே கிடையாது என்று அர்த்தம். நேர்க்குத்தாக விழும் சிவப்பு வெளிச்சத்துக்கு அந்தத் தடம் கண்ணில் படவே படாது, வழவழ கண்ணாடி மாதிரிதான் தெரியும். சிப் கம்பெனிகளை 436-லிருந்து 13.5 வரை துரத்தியது இதே சுவர்தான். பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி இருந்தது. அவள் வீட்டுச் சுவரில் அது இல்லாத ஒரு புள்ளியாக இருந்தது.

மதிப்பீட்டு நாளில் ஆசிரியர் இந்த மூன்றாவது அளவீட்டைத்தான் அதிக நேரம் பார்த்தார். "ரிசல்ட் வரலைன்னு விட்டுடாம இதையும் எழுதினியே" என்றார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வேறு கேள்வி கேட்டார். இவ்வளவு சின்னதை நொடிக் கணக்கில் அடித்துத் தள்ளிய நாட்டில் ஏன் சிப் வரவில்லை?

நியாயமான கேள்வி. அரசு நிறுவனமான எஸ்சிஎல், மொகாலியில் 1984-லேயே சிப் உற்பத்தியைத் தொடங்கியது. அப்போது 5 மைக்ரான், அதாவது 5,000 நானோமீட்டர். 1989 பிப்ரவரியில் தீ விபத்தில் அந்தத் தொழிற்சாலை நாசமானது. மீண்டு வர வருடங்கள் ஆயின, அதற்குள் உலகம் எங்கேயோ போய்விட்டது. இன்று அங்கே ஓடுவது 180 நானோமீட்டர் முறை. 2025 செப்டம்பரில் காட்டிய, ராக்கெட்டுகளுக்கான விக்ரம் 3201 சிப் அதில் செய்ததுதான். குஜராத்தின் தொலேராவில் டாடாவும் தைவானின் பிஎஸ்எம்சியும் சேர்ந்து கட்டும் தொழிற்சாலைக்கு 2024 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், அது 28 நானோமீட்டர் வரை என்று திட்டம்.

எண்ணை மட்டும் பார்த்தால் புளூரேயின் 150, மொகாலியின் 180-ஐவிடச் சின்னது. ஆனால் தட்டில் ஒரு படலம்தான், சிப்பில் உதடும் கன்னமும் பொருந்த வேண்டும். தட்டை அடிக்கத் தெரிந்ததால் சிப் அடிக்கத் தெரிந்துவிடாது. அதற்காக அந்தத் திறமைக்கு மதிப்பே இல்லை என்றும் ஆகாது. 2014-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜாக்கி சான் நடித்த ஒரு போலீஸ் படத்தின் புளூரே தட்டை எடுத்து, அதிலிருந்த பள்ள வடிவத்தைச் சூரியமின்கலத்தின் மேல் அச்சு எடுத்தார்கள். ஒழுங்கும் இல்லாமல் முழுக்கத் தாறுமாறாகவும் இல்லாமல் இருந்த அந்த வடிவம் வெளிச்சத்தை நன்றாகப் பிடித்து வைத்தது, மின்கலம் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. நல்ல ஆய்விதழில் வந்த கட்டுரை அது. கையில் எடுத்தது கடைத் தட்டு. நொய்டாவில் தந்தை, தாய், அச்சு என்று வரிசையாகச் செய்யத் தெரிந்த கைகள் இருந்தன. அந்தக் கம்பெனி கடனில் மூழ்கி 2018-ல் கலைப்புக்குப் போனது. பாட்டுத் தட்டு விற்காமல் போனதும் அந்தக் கைகளுக்கும் வேலை இல்லை. பரணுக்குப் போனது அட்டைப் பெட்டி மட்டும் இல்லை.

தேர்வாளருக்கு அவள் இவ்வளவும் சொல்லவில்லை. தீ விபத்தையும் படலப் பொருத்தத்தையும் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மாணவனைக் கூப்பிட்டார்.

ஆசிரியர் பிறகு கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். பெங்களூர் ஐஐஎஸ்சியிலும் மும்பை ஐஐடியிலும் 2008 முதல் ஒரு திட்டம் இருக்கிறது, இந்திய நானோ எலக்ட்ரானிக்ஸ் பயனாளர் திட்டம், சுருக்கமாக ஐஎன்யூபி. வெளிக் கல்லூரி ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் விண்ணப்பித்து அங்கே பயிற்சி பெறலாம், அந்தக் கோடிக்கணக்கான மெஷின்களில் தங்கள் வேலையைச் செய்து பார்க்கலாம். பிறகு சென்னை ஐஐடியும் அதில் சேர்ந்தது. "எம்எஸ்சி முடி, போட்டுப் பார்க்கலாம். நானும் போடலாம்னு இருக்கேன்" என்றார். தெருவிளக்கைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

லீவில் அவள் இன்னொன்று செய்தாள். டிவிடி ஒன்றின் விளிம்பில் பிளேடால் நெம்பி இரண்டு அரைத் தட்டுகளாகப் பிரித்து, அலுமினியத்தைச் செல்லோ டேப் ஒட்டி உரித்து எடுத்தாள். முழுதாக வரவில்லை, உள்ளங்கை நடுவளவுக்குச் சுத்தமாக வந்தது. அங்கே அச்சு எடுக்கும் சிலிக்கோன் ரப்பரைக் கலக்கி ஊற்றி ஒரு நாள் வைத்திருந்து உரித்தாள். சாயம் எதுவும் சேர்க்காத ரப்பர்த் துண்டு. ஜன்னல் பக்கம் திருப்பினால் பச்சையும் சிவப்பும் ஓடியது. லேசரை விட்டால் டிவிடியில் விழுந்த அதே இடத்தில், கொஞ்சம் மங்கலாக, புள்ளி.

அப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்து அதை வாங்கிப் பார்த்தார். அண்ணாமலையார் பாட்டு டிவிடி அது, அட்டையை அவர் அடையாளம் கண்டுகொண்டார். ரப்பரை இழுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பினார்.

"இதுல பாட்டு இருக்குதா பாப்பா?"

"இருக்குதுப்பா. மேடு பள்ளமாவும் பள்ளம் மேடாவும் மாறி, தலைகீழா இருக்குது."